லாரி ஓட்டுநர் பாதுகாப்பு: லோடு பேசுவதில் தொடங்கி இழப்பீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை ரிங் ரோட்டில் ஏறும் லாரிக்கு ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு விதமான ஆபத்து இருக்கிறது. வடக்கே பெங்களூரு போனால், திரும்பி வரும்போது தர்மபுரி பக்கத்துத் தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்க வேண்டும். தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் காற்று. மேற்கே கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் வளைவும் மூடுபனியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் அருப்புக்கோட்டைச் சாலையில் மலையும் இல்லை, காற்றும் இல்லை. நேரான ரோடு, அதில் தூக்கம் வரும்.

விபத்து நடந்த மறுநாள் செய்தியில் "ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்ததால்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு பல நேரங்களில் புக்கிங் ஆபீஸிலேயே, லோடு ஏற்றிய இடத்திலேயே போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: லோடு பேசும்போதே நேரத்தையும் பேசுங்கள்

மதுரையிலிருந்து சென்னை கோயம்பேடு சுமார் 450 கி.மீ. நாற்கரச் சாலையில் சரக்கு வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ., மற்ற சாலைகளில் 60. ஆனால் சுங்கச்சாவடி, ஊர் விலக்கு, மேடு, டீசல் எல்லாம் சேர்ந்தால் லோடு வண்டியின் சராசரி 45-ஐத் தாண்டுவது கஷ்டம். அதாவது சக்கரம் உருளும் நேரம் மட்டுமே பத்து மணி. இரவு ஏழு மணிக்கு லோடு முடித்துவிட்டு, "விடியக்காலை நாலு மணிக்கு மார்க்கெட்ல நிக்கணும்" என்று ஒருவர் சொன்னால், 50 கி.மீ. சராசரியில் சாப்பிடாமல், தூங்காமல், ஒண்ணுக்குக் கூட இறங்காமல் வா என்று சொல்கிறார் என்று அர்த்தம்.

முடியாது என்றால் அடுத்த டிரிப் வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் மறுப்பாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள்: "அண்ணே, ஏழு மணிக்குக் கிளம்புனா காலையில ஏழு மணிக்குத்தான் போய் நிக்கும். நாலுக்கு வேணும்னா சாயங்காலம் நாலு மணிக்கே லோடை முடிச்சு விடுங்க. இல்லேன்னா மாத்து டிரைவர் போடுங்க." இதைக் கிளம்பும் முன் சொல்ல வேண்டும். திருச்சி தாண்டி போனில் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூர வழியில் 10 மணி நேரம் வரை, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. லாரி செட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டிரிப் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு ஓய்வு என்பது சொந்தப் பையிலிருந்து போகும் காசு. அதை மாற்றாமல் "பாத்து ஓட்டுப்பா" என்று ஓனர் சொல்வதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. ஒட்டன்சத்திரம் காய்கறி, கம்பம் பள்ளத்தாக்கு வாழை, திராட்சை மாதிரி அழுகும் சரக்குக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். சந்தை நேரம் தவறினால் விலை போகும் என்ற அவசரத்தை வியாபாரி ஓனரிடம் தள்ளுவார், ஓனர் ஓட்டுநரிடம் தள்ளுவார். ஓட்டுநர் அதை ஆக்ஸிலேட்டரில் தள்ளுவார்.

படி 2: லோடு ஏறும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

லோடுமேன்கள் ஏற்றட்டும் என்று டீக்கடைக்குப் போவது பழக்கம். போகாதீர்கள். பாரம் எங்கே உட்கார்கிறது என்பதுதான் வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது. கனமான சரக்கு கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும். பின்னால் அதிகம் ஏறினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க டயர் வெடிக்கும் வரை உங்களுக்குத் தெரியாது.

2018-இல் அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தினார்கள்: ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) எழுதியிருக்கும் எடைதான் உங்களுக்குச் செல்லும், பழைய வண்டியாக இருந்தால் அதைப் பாருங்கள். மீறினால் ரூ.20,000 அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. பாரத்தையும் அங்கேயே இறக்கச் சொல்லலாம். அபராதத்தை ஓனர் கட்டிவிடுவார், சரி. ஆனால் பிரேக் டிரம் சூடாவதை யாரும் கட்ட முடியாது.

கயிறும் தார்ப்பாயும் கட்டிய பிறகு 20, 30 கி.மீ. ஓட்டி ஒரு தடவை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். சரக்கு அதிர்ந்து அமர்ந்ததும் கயிறு தளர்ந்திருக்கும். தார்ப்பாய் கட்ட லோடின் உச்சியில் ஏறும்போதுதான் பல பேர் விழுகிறார்கள். மழைக்குப் பிறகு, இருட்டில், தனியாக, செருப்போடு ஏறாதீர்கள்.

வைக்கோல் லோடைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தை, மாசி அறுவடையில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஓடும் லோடு இது. வைக்கோல் பாரம் எடையில் பெரிதில்லை, உயரத்தில் பெரிது. கிராமத்தில் மின்கம்பி தொங்கும். பகலிலேயே ஒரு தடவை பைக்கில் போய் வழியைப் பார்த்துவிட்டு வருவது உத்தமம். கிளீனரை மேலே உட்கார வைத்து, குச்சியால் கம்பியைத் தூக்கிவிடச் சொல்லும் வேலை இன்னும் நடக்கிறது. அந்தக் குச்சி ஈரமாக இருந்தால் மேலே இருக்கும் பையன் திரும்பி இறங்க மாட்டான்.

கம்பி வண்டி மேல் விழுந்துவிட்டால் கேபினிலேயே உட்காருங்கள். யாரையும் பக்கத்தில் வரவிடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், படியில் கால் வைத்து இறங்கக் கூடாது. வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துத் தாவுங்கள். அப்புறம் காலை அகட்டி ஓடாமல், பாதத்தைச் சேர்த்தே சிறு சிறு குதியாகத் தள்ளிப் போங்கள். வைக்கோல் மட்டும் பற்றி எரிகிறது, கம்பி மேலே இல்லை என்றால், வீடுகளை விட்டு விலகிக் காலி இடம் வரை மெதுவாக ஓட்டலாம். தண்ணீர் இருக்கும் கண்மாயைத் தேடி வேகமாக ஓட்டுவதுதான் வழக்கம். வேகம் கூடக் கூடக் காற்று தீயை வளர்க்கும், எரியும் கட்டுகள் வழியெல்லாம் விழும்.

சிவகாசி, விருதுநகர் பட்டாசு, தீப்பெட்டி லோடுக்கும் ரசாயன டேங்கருக்கும் சாதாரண கனரக உரிமம் போதாது. ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து, உரிமத்தில் அதற்கான பதிவு வாங்க வேண்டும். சரக்கு அனுப்புபவர் அது என்ன, கசிந்தால் என்ன செய்வது என்று எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். டேங்கரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது வீரம் இல்லை.

படி 3: கிளம்பும் முன் ஒரு சுற்று

பத்து நிமிடம் போதும். இடது முன் சக்கரத்தில் தொடங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். லிவரால் டயரைத் தட்டினால் காற்று இருக்கும் டயர் ஒரு மாதிரி, இறங்கிய டயர் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும். பின்னால் ஜோடி டயரில் ஒன்று பஞ்சராகி இருந்தாலும் பார்வைக்குத் தெரியாது, தட்டினால்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பின்னால் வரும் பைக்காரரின் நெஞ்சுக்குப் பறக்கும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், பிறகு குறைந்த காற்றில் ஓடி இன்னும் சூடாகி வெடிக்கும்.

ஏர் பிரேக்குக்கு இரண்டு சோதனை. ஒன்று, ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வால்வைத் திறந்து வடித்துவிடுவது. இரண்டு, காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை மிதித்தபடியே மீட்டரைப் பார்ப்பது. முள் தொடர்ந்து இறங்கினால், எங்கோ "புஸ்" என்று சத்தம் கேட்டால், கசிவு இருக்கிறது. ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.

பின் லைட், இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இவற்றைத் துணியால் துடையுங்கள். செம்மண்ணும் எம்.சாண்ட் தூசியும் மூடிய ஸ்டிக்கர் இருந்தும் இல்லாததுதான்.

சீட் பெல்ட்டைப் போடுங்கள். பெரிய வண்டிக்கு எதற்கு என்கிறார்கள். லாரி கவிழ்ந்தால் ஓட்டுநர் கேபினிலிருந்து வெளியே விழுந்து, தன் வண்டிக்கே அடியில் போகிறார். அதற்குத்தான்.

படி 4: தூக்கத்தோடு பேரம் பேசாதீர்கள்

நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு மணி வரை இன்னொரு முறை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இது மாறாது. அனுபவம் கியர் போடுவதற்கு உதவும், விழித்திருப்பதற்கு உதவாது.

80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். நாலு நொடி கண் சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் யாரும் ஓட்டாமல் வண்டி போயிருக்கும். அந்த நாலு நொடி போனதே உங்களுக்குத் தெரியாது. கடைசியாகக் கடந்த ஊர்ப் பெயர்ப் பலகை நினைவில் இல்லை, முன்னால் போகும் வண்டி திடீரென்று பக்கத்தில் வந்த மாதிரி இருக்கிறது, ஒரே கொட்டாவி: இதில் எது வந்தாலும் அடுத்த பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டுங்கள்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டி வைப்பது, ஹான்ஸ் வாயில் அதக்குவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். இரவில் சில இடங்களில் போலீஸார் நிறுத்தி முகம் கழுவச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். உண்மையாக வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். டீயில் இருக்கும் காஃபின் வேலை செய்ய அரை மணி வரை ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். எழுந்ததும் ஐந்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். மாத்திரை போட்டு விழித்திருக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அதன் வேகம் இறங்கும்போது தூக்கம் மொத்தமாக வந்து அழுத்தும்.

குடி: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. முந்தின இரவு ஒன்பது மணிக்கு நிறையக் குடித்துவிட்டு அதிகாலை நாலு மணிக்கு வண்டி எடுப்பவருக்கும் அது மீதம் இருக்கும்.

படி 5: இறக்கமும் காற்றும்

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இதைப் பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வார்கள், டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுபவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். தொப்பூரில் பெங்களூரு பக்கமிருந்து சேலம் நோக்கி வரும்போதுதான் இறக்கம். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். டிரம் சூடாகி விரிந்து, லைனிங் பிடிக்காமல் போகும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரெசர் நிற்கும், ஏர் குறையும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியர், எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது). பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி அழுத்துங்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பிரேக் முற்றிலும் போய்விட்டால் முடிந்த வரை கியரைக் குறைத்து, ஹார்னும் ஹெட்லைட்டும் போட்டு, எதிர் வண்டிப் பக்கமும் பள்ளத்தின் பக்கமும் போகாமல், மலை சுவர் மாதிரி நிற்கும் பக்கம் உரசி நிறுத்தப் பாருங்கள். வண்டி நொறுங்கும், ஆள் பிழைப்பார்.

குமுளிப் பாதையில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் லோடோடு ஏறி, காலியாக இறங்குகிறோம். காலி வண்டிதானே என்ற அலட்சியம்தான் பிரச்சினை. பின்னால் எடை இல்லாததால் மழையில் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் புளியரை தாண்டி ஆரியங்காவு பாதையிலும் இதே எச்சரிக்கை. ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதற்காகத்தான். காலிக் கண்டெய்னரும் உயரமாகத் தார்ப்பாய் கட்டிய லேசான லோடும்தான் அதிகம் ஆடும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். பஸ்ஸைத் தாண்டி வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் காற்று திரும்ப வந்து அடிக்கும்.

படி 6: சாலையில் நடப்பவர்கள்

நாற்கரச் சாலையில் கிராமத்து இடைவெளிகளில் எதிர்த்திசையில் பைக் வரும். அது அவர்கள் தப்புதான், ஆனால் வரும் என்று நினைத்தே ஓட்டுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்கு முன்னால் பழநி பாதயாத்திரைக் கூட்டம் இரவெல்லாம் நத்தம், திண்டுக்கல் சாலைகளில் நடக்கும். களைத்தவர்கள் ரோட்டோரத்திலேயே படுத்தும் தூங்குவார்கள். அந்த நாட்களில் ஓரத்தில் வண்டியை இறக்கும் முன் கிளீனரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சபரிமலை சீசனில் கம்பம், குமுளி சாலை. சித்திரைத் திருவிழாவில் மதுரை நகரம். இவற்றுக்குப் போக்குவரத்து மாற்றம் அறிவிப்பார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இடது முன் மூலையில், கதவுக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சிக்னலில் இருந்து இடப்பக்கம் திரும்பும்போது மெதுவாக, இரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்த்துத் திரும்புங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கண்ணாடியில் தெரிய வேண்டும். மறைந்தால் நிறுத்துங்கள். "வா வா" என்று சத்தம் மட்டும் கேட்டால் போதாது.

படி 7: வண்டி நிற்கும்போது

ஓட்டுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். நிற்கும் லாரியைப் பற்றிப் பேசுவதில்லை.

லாரிக்கு அடியில் தூங்காதீர்கள். வெயிலுக்கு அங்கே நிழல் இருக்கும், காற்றும் வரும், தெரியும். ஆனால் வேறொருவர் வண்டியை எடுப்பார், அல்லது பின்னால் ஒரு வண்டி வந்து மோதும், அல்லது சரிவில் உருளும். கிளீனர் பையன்களுக்கு இதைத் திட்டியாவது சொல்லுங்கள். அடியில் படுத்திருந்த ஆள் மீதே வண்டி ஏறிய செய்திகள் இந்தத் தொழிலில் யாருக்கும் புதிதல்ல.

நடுரோட்டில் பிரேக் டவுன் ஆனால் முடிந்த வரை இடப்பக்கம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையை நாற்கரச் சாலையில் 100 மீட்டர் பின்னால் வையுங்கள். கல்லும் மரக்கிளையும் வைத்தவர்கள், கிளம்பும்போது அதை எடுத்துவிட்டுப் போக வேண்டும். விட்டுவிட்டுப் போன கல்லில் மோதி எத்தனையோ பைக்காரர்கள் போயிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033; ரோந்து வண்டியும் கிரேனும் கேட்கலாம்.

டயர் மாற்றும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஜாக்கிக்குக் கீழே பலகை போடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டியூப் டயரைச் சக்கரத்தில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம், லாக் ரிங், சரியாக உட்காராமல் காற்று ஏறினால் குண்டு மாதிரி தெறிக்கும். பஞ்சர் கடையில் கூண்டு இல்லையென்றால், காற்று ஏறும்போது சக்கரத்துக்கு நேரே நிற்காதீர்கள், வேடிக்கை பார்க்கும் யாரையும் நிற்க விடாதீர்கள்.

கேபினுக்குள் அடுப்புப் பற்ற வைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தால் தீயும் ஆபத்து, நச்சுப் புகையும் ஆபத்து. இரவு நிறுத்த வெளிச்சமும் நாலு வண்டியும் உள்ள இடம் பாருங்கள். டீசல் திருட்டும் தார்ப்பாய் திருட்டும் அங்கே குறையும்.

படி 8: உடம்பு

அக்னி நட்சத்திரத்தில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் கேபின் அடுப்புத்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டியில் இருப்பவர்கள் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நிறுத்த இடமில்லை என்று தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீரகக் கல்லுக்கு வழி. தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சு குழறினால் அது வெப்ப வாதம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். எதிர் ஹெட்லைட் முன்பை விட அதிகமாகக் கூசினால் கண்புரையாக இருக்கலாம். 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கிறது, தள்ளிப்போடக் காரணம் இல்லை. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் சாப்பாடு தவறினால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். டேஷ்போர்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

படி 9: விபத்து நடந்துவிட்டால்

எஞ்சினை அணையுங்கள். 108, பிறகு போலீஸுக்கு 112. காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு வைத்திருக்கும் கடமை. கூட்டம் கூடி அடிக்க வருகிறது என்றால் அங்கே நின்று சாக வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. கும்பலின் ஆத்திரத்தை அதே பிரிவு விதிவிலக்காக ஏற்கிறது. அப்போது நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள், போகும் வழியிலேயே 112-க்குப் பேசுங்கள். அந்த அழைப்பு பதிவாகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தகவல் சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் லாரிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்காக ஓடிப்போகலாம் என்று அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளி மாநில ஓட்டுநருக்கும் உண்டு.

படி 10: காகிதம்

ஓனருக்கான கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்ச ரூபாய் என்று பாலிசியில் பார்த்துவிட்டுத் தனக்கும் அது உண்டு என்று சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பதிவு பெற்ற உரிமையாளர் தானே ஓட்டினால் மட்டும். உங்களுக்கும் கிளீனருக்கும் பாலிசியில் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்; அதற்கான பிரீமியம் மிகச் சிறியது. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

தப்பு உங்கள் மேலேயே இருந்தாலும் இழப்பீடு கேட்க வழி உண்டு. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கேட்டது வேலையின்போது நடந்த விபத்தா என்பதை. யார் தப்பு என்பதை அல்ல. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே கொள்கைதான் இருக்கிறது. குடித்திருந்தால் சிக்கல் வரும். இதில் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் வேறு: இந்த ஆள் இந்த ஓனரிடம்தான் வேலை பார்த்தார் என்பதற்குக் காகிதம் இருக்காது. லாரித் தொழிலில் நியமனக் கடிதம் யார் கொடுக்கிறார்? அதனால் பேட்டாவைக் கையில் வாங்காமல் ஜிபேயில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிரிப்பின் இ-வே பில்லையும் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. சீட்டு) எடைச் சீட்டையும் படம் எடுத்து, வண்டியின் ஆர்.சி., பாலிசி படத்தோடு சேர்த்து வீட்டில் ஒருவரின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.